சம்பளம் குடுக்க முன்னம் எச்எம்ஆர்சிக்குச் சொல்லோணும்: இங்கிலாந்தில சின்னக் கடை வச்சிருக்கிற ஆக்களுக்கு ஆர்டிஐ எண்டா என்ன

போன வெள்ளி பின்னேரம் தெரிஞ்ச அண்ணை ஒராள் ஃபோன் எடுத்தார். கடை எடுத்து ரெண்டு மாசம்தான் ஆகுது. "தம்பி, வேலைக்கு வச்ச பெடியனுக்குச் சம்பளத்தை பாங்கில போட்டுட்டன், அந்த எச்எம்ஆர்சி (வரித் திணைக்களம்) அலுவலை மாசக் கடைசியில எல்லாத்தையும் சேத்து அனுப்பினாக் காணும்தானே?" எண்டார். காணாது அண்ணை எண்டன். சத்தமில்ல. பிறகு மெல்லமா, "வரிக்காசு கட்டுறதுக்கு 22ம் திகதி வரைக்கும் தவணை இருக்கெண்டு சொன்னாங்களே?" எண்டார்.

இஞ்சதான் எல்லாரும் குழம்புறது. வரிக்காசு கட்டுறதுக்குத் தவணை இருக்கு, ஓம். ஆனா இன்னாருக்கு இவ்வளவு சம்பளம், அதில இவ்வளவு வரி வெட்டினன் எண்டு *சொல்லுறதுக்கு* தவணை சம்பள நாள்தான், அந்தக் காசு பெடியன்ர கையில போற நாள் இல்லாட்டி அதுக்கு முதல். காசு பிறகு, கதை முதல். இந்த ரெண்டையும் பிரிச்சு விளங்கிக்கொண்டா ஆர்டிஐயில பாதி முடிஞ்சுது.

ஆர்டிஐ எண்டவுடன இந்தியாவில இருந்து வந்த ஆக்கள் தகவல் உரிமைச் சட்டத்தை நினைப்பினம், அது வேற. இது ரியல் டைம் இன்ஃபர்மேஷன். சம்பளத்தில வரியையும் நாஷனல் இன்ஷூரன்ஸையும் (அரசாங்கப் பென்ஷன், உதவிக்காசுக்கு எண்டு வெட்டுற பங்கு) முதலாளியே வெட்டி அரசாங்கத்துக்குக் கட்டுற முறைக்குப் பெயர் பிஏவைஈ (வாயால சொல்லேக்க 'பேய்' எண்டு கேக்கும், பொருத்தமான பெயர்தான்). அந்தப் பிஏவைஈக் கணக்கை எப்ப, எப்பிடி அறிவிக்கோணும் எண்டுறதுதான் ஆர்டிஐ. முந்தி வருசத்துக்கு ஒருக்காத்தான் அறிவிக்கிறது, ஏப்ரல் 5 வரி வருசம் முடிய, மே 19க்குள்ள பி35, பி14 எண்டு படிவங்களை நிரப்பி அனுப்பினாச் சரி, இடையில பன்னிரண்டு மாசம் நீங்கள் ஆருக்கு என்ன குடுத்தனீங்கள் எண்டு அவங்களுக்குத் தெரியாது. 2012ல கொஞ்சப் பேரோட பரீட்சார்த்தமாத் தொடங்கி, 2013 ஏப்ரல் 6ல இருந்து அனேகமா எல்லா முதலாளிமாருக்கும் இது கட்டாயமாச்சு. இது இங்கிலாந்துக்கு மட்டுமான வில்லங்கமும் இல்ல. அவுஸ்திரேலியாவில சிங்கிள் டச் பேரோல் 2018ல பெரிய ஆக்களுக்கும் 2019ல சின்ன ஆக்களுக்கும் வந்துது, அயர்லாந்தும் 2019 ஜனவரியில மாறினது. அங்க சொந்தக்காரர் கடை வச்சிருந்தாக் கேட்டுப் பாருங்கோ, இதே புலம்பல்தான்.

முதல் கேள்வி, நான் பதியோணுமா? கீழ சொல்லுற எண்ணுகள் எல்லாம் 2025-26 வரி வருசத்துக்கு உரியது, ஒவ்வொரு ஏப்ரலும் மாறும். உங்களிட்ட வேலை செய்யிற ஒராளாவது கிழமைக்கு 125 பவுண்ஸோ அதுக்கு மேலயோ எடுத்தா, இல்லாட்டி அவருக்கு வேற இடத்தில இன்னொரு வேலையோ பென்ஷனோ இருந்தா, இல்லாட்டி சம்பளத்தை விட வேற செலவுக்காசு, சலுகை எண்டு குடுத்தா, பதியத்தான் வேணும். "மனுசிதானே நிக்கிறா" எண்டு சொல்லுறது எடுபடாது, மனுசிக்குச் சம்பளம் எண்டு கணக்கில எழுதினா அவவும் வேலையாள்தான். இன்னொண்டு கனபேர் விடுற பிழை: ஒராளுக்காகப் பதிஞ்ச பிறகு, சனிக்கிழமை மட்டும் ஆறு மணித்தியாலம் வந்து நிக்கிற 18 வயசுப் பிள்ளைக்குக் குடுக்கிற 60 பவுண்ஸும் அறிவிக்கோணும். அந்தப் பிள்ளைக்கு வரி இல்ல, இன்ஷூரன்ஸ் இல்ல, ஆனா பெயரும் தொகையும் போகோணும். கையில காசாக் குடுத்தாலும் அதே சட்டம்தான், பாங்கில போட்டாத்தான் சம்பளம் எண்டு ஒண்டுமில்ல.

பதிஞ்சா ரெண்டு இலக்கம் வரும். ஒண்டு 123/ஏபி456 மாதிரி, இது வேலையாக்களின்ர கணக்குக்கு. மற்றது 123பிஏ00012345 மாதிரி 13 எழுத்து, இது காசு கட்டேக்க போடுறது. ரெண்டையும் மாத்திப் போட்டுக் காசு கட்டினா அது எங்கயோ போய் அந்தரத்தில நிக்கும். இலக்கம் வாறதுக்கு நாள் எடுக்கும், அதால முதல் சம்பள நாளுக்கு முதல் நாள் இருந்து யோசிக்காதேங்கோ, ஆளைச் சேக்கப்போறம் எண்டு முடிவெடுத்த கிழமையே பதியுங்கோ.

சரி, ஆள் வந்திட்டார். அவரிட்ட பழைய வேலையின்ர பி45 (வேலையை விடேக்க முதலாளி குடுக்கிற சம்பள, வரிக் கணக்குத் தாள்) இருந்தா வாங்குங்கோ. இல்லாட்டி ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் எண்டு ஒரு படிவம், அதில ஏ, பி, சி எண்டு மூண்டு வசனம், அவருக்குப் பொருந்துற ஒண்டை அவரே தெரிவு செய்யோணும். ஏப்ரல் 6க்குப் பிறகு இதுதான் முதல் வேலை எண்டா ஏ. இப்ப இது மட்டும்தான் வேலை ஆனா ஏப்ரலுக்குப் பிறகு வேற வேலையும் செய்தனான் எண்டா பி. வேற வேலையும் பக்கத்தில ஓடுது எண்டா சி. பாக்கச் சின்ன விசயம். ஆனா ஏ எண்டா 1257எல் எண்ட கோட் (எவ்வளவு வரி வெட்டோணும் எண்டு காட்டுற குறி), வருசத்துக்கு 12,570 பவுண்ஸ் வரியில்லாமப் போகும். பி எண்டாலும் 1257எல்தான், ஆனா அந்த மாசத்தை மட்டும் பாத்து வெட்டும், முந்தின மாசங்கள் கணக்கில வராது. சி எண்டா பிஆர், முதல் பவுணில இருந்தே 20 வீதம் போகும். விளங்காமச் சியை டிக் பண்ணிப்போட்டு, முதல் சம்பளத்தைப் பாத்து "அண்ணை என்ர காசை எடுத்திட்டார்" எண்டு சண்டைக்கு வந்த பெடியனும் இருக்கிறான். படிவத்தை அவன்ர கையில குடுத்து ஆறுதலா வாசிக்கச் சொல்லுங்கோ, நீங்கள் நிரப்பாதேங்கோ.

நாஷனல் இன்ஷூரன்ஸ் நம்பர் இன்னும் வரேல்ல எண்டா அந்த இடத்தை வெறுமையா விட்டு, விலாசத்தைச் சரியாப் போட்டு அனுப்பலாம். மற்றாளின்ர நம்பரைப் போடுறது, கற்பனையில ஒண்டைத் தட்டுறது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

இப்ப மெயின் விசயம். சம்பளம் குடுக்கிற ஒவ்வொரு தரமும் நீங்கள் அனுப்புறதுக்குப் பெயர் ஃபுல் பேமென்ட் சப்மிஷன், எஃப்பிஎஸ். பேரோல் சொஃப்ட்வெயர் ஒண்டு வேணும், பேப்பரில எழுதி அனுப்ப ஏலாது. பத்துப் பேருக்குக் குறைய எண்டா எச்எம்ஆர்சியே இலவசமா பேசிக் பிஏவைஈ டூல்ஸ் எண்டு ஒண்டு தருது. ஒண்டும் பிழை சொல்ல ஏலாது, ஆனா அதில பேஸ்லிப் வராது, அதை நீங்கள் தனியா அடிச்சுக் குடுக்கோணும், பேஸ்லிப் குடுக்கிறது சட்டப்படி கட்டாயம். எனக்கெண்டா, ரெண்டு மூண்டு பேருக்கு மேல வந்திட்டா மாசம் கொஞ்சக் காசு குடுத்து ஒரு நல்ல சொஃப்ட்வெயர் எடுக்கிறது நல்லம்.

ஒரு கணக்குப் பாப்பம். பெடியனுக்கு மாசம் 1,500 பவுண்ஸ், கோட் 1257எல், ஏப்ரல் 30 சம்பள நாள். பென்ஷனுக்கு வெட்டுறதை முதல் மூண்டு மாசத்துக்குப் பிற்போட்டிருக்கிறியள் எண்டு வைப்பம், அதுக்கு இடமிருக்கு. மாசம் 1,048 பவுண்ஸ் சொச்சம் வரைக்கும் வரியில்ல, மிச்சத்தில சில்லறையை விட்டா 451 பவுண்ஸ், அதுக்கு 20 வீதம், 90.20. இன்ஷூரன்ஸும் 1,048க்கு மேலதான், 452 பவுண்ஸுக்கு 8 வீதம், 36.16. அவன்ர கைக்கு 1,373.64 போகும். இதோட முடிஞ்சுதெண்டு நினைக்காதேங்கோ, உங்கட பங்கும் இருக்கு: 417 பவுண்ஸுக்கு மேல உள்ள 1,083க்கு 15 வீதம், 162.45. இது பெடியன்ர சம்பளத்தில வெட்டுறதில்ல, உங்கட பொக்கெட். 2025 ஏப்ரலில இந்த வீதம் 13.8ல இருந்து 15க்கு ஏறினது, கடைக்காரர் எல்லாரும் நெஞ்சைப் பிடிச்ச மாசம் அது. ஆனா சின்ன ஆக்களுக்கு எம்ப்ளோய்மென்ட் அலவன்ஸ் எண்டு வருசத்துக்கு 10,500 பவுண்ஸ் வரைக்கும் இந்த முதலாளிப் பங்கைக் கழிக்கலாம், கேட்டாத்தான் தருவாங்கள், தானா வராது. கம்பெனியில டைரக்டர் ஒராள் மட்டும், வேற வேலையாள் இல்லை எண்டா அது கிடையாது.

இந்த 1,500, 90.20, 36.16, 162.45 எல்லாம் ஏப்ரல் 30ம் திகதி இல்லாட்டி அதுக்கு முதல் எஃப்பிஎஸ்ஸில போகோணும். வரி மாசம் எண்டுறது 6ம் திகதி தொடங்கி அடுத்த 5ம் திகதி முடியிறது, அதால இந்தச் சம்பளம் முதலாவது வரி மாசத்துக்குள்ள விழும், காசு மே 22க்குள்ள அவங்களிட்டப் போய்ச் சேரோணும், தபாலில செக் எண்டா 19. 22 சனி ஞாயிறில விழுந்தா முந்தின வேலை நாளுக்குள்ளயே போட்டிடுங்கோ, நிம்மதி. மாசக்காசு சராசரி 1,500 பவுண்ஸுக்குக் குறைய எண்டா மூண்டு மாசத்துக்கு ஒருக்காக் கட்டுற வசதியும் இருக்கு. காசைத்தான் மூண்டு மாசத்துக்கு ஒருக்காக் கட்டலாம், எஃப்பிஎஸ் ஒவ்வொரு சம்பளத்துக்கும் போகோணும். திருப்பித் திருப்பிச் சொல்லுறன் எண்டு கோவிக்காதேங்கோ, அந்த அண்ணைக்கு நான் நாலு தரம் சொன்னனான்.

என்ர அனுபவம் ஒண்டு. நான் முதல் முதல் பேரோல் செய்த மாசம், எல்லாத்தையும் தட்டி, கணக்கு ஓடி, திரையில பச்சையா டிக் வந்துது, மூடிப்போட்டுப் படுத்திட்டன். அது கணக்குப் போட்டு முடிஞ்சுது எண்ட டிக், அனுப்பின டிக் இல்ல. அனுப்புறதுக்கு வேறயா ஒரு பட்டன், அது இன்னும் 'அனுப்பவேண்டியவை' எண்ட பட்டியலில குந்திக்கொண்டிருந்தது. பத்து நாள் கழிச்சு அடுத்த அலுவலுக்குத் திறக்கேக்கதான் கண்டன், வயித்துக்குள்ள ஏதோ புரண்டுது. அண்டையில இருந்து, ஏத்துக்கொண்டம் எண்டு எச்எம்ஆர்சியில இருந்து திருப்பி வாற பதில் திரையில வந்தாத்தான் கதிரையை விட்டு எழும்புறது, அதை ஒரு பிடிஎஃப்பா எடுத்து அந்த மாசத்து ஃபோல்டருக்குள்ள போட்டும் வைப்பன்.

இப்ப, ஏன் இவ்வளவு அவசரப்படுத்துறாங்கள் எண்டு கேப்பியள். வரிக்கு எண்டா வருசத்துக்கு ஒருக்காச் சொன்னாலே காணும். ஆனா நீங்கள் அனுப்புற எஃப்பிஎஸ்ஸை வரிக்காரர் மட்டும் பாக்கிறேல்ல. யூனிவர்சல் கிரெடிட் எடுக்கிற ஆக்களுக்கு அந்த மாசம் எவ்வளவு உதவிக்காசு போகோணும் எண்டுறது இந்தத் தகவலை வச்சுத்தான் கணக்குப் பாக்கிறது. உங்கட கடையில காலமை வேலை செய்யிற அந்த அக்காவுக்கு யூனிவர்சல் கிரெடிட் வருதெண்டா, நீங்கள் பிழையாப் போட்ட ஒரு திகதி அவவின்ர வீட்டு வாடகைக் காசில கைவைக்கும்.

எப்பிடி எண்டு பாருங்கோ. அவவின்ர யூனிவர்சல் கிரெடிட் கணக்குக் காலம் மாசம் 31ம் திகதி தொடங்கி அடுத்த மாசம் 30 வரைக்கும் எண்டு வைப்பம். சம்பள நாள் மாசக் கடைசி. 2025 ஓகஸ்ட் 31 ஞாயிறு, பாங்க் இல்ல, நீங்கள் நல்ல மனசோட 29 வெள்ளியே போட்டுட்டியள். எஃப்பிஎஸ்ஸிலயும் சம்பளத் திகதி 29 எண்டு அடிச்சிட்டியள். ஜூலை 31 சம்பளமும் ஓகஸ்ட் 29 சம்பளமும் ஒரே கணக்குக் காலத்துக்குள்ள விழும், ரெண்டு மாசச் சம்பளம் எடுத்திட்டா எண்டு பாத்து உதவிக்காசைக் குறைச்சுவிடும், அடுத்த மாசம் சம்பளமே இல்லை எண்டு காட்டும். இதுக்கு விதி என்னெண்டா, லீவு நாளால முந்திக் குடுத்தாலும் எஃப்பிஎஸ்ஸில *வழமையான* சம்பளத் திகதியைத்தான் போடோணும், 31. நத்தாருக்கும் அதேதான், டிசம்பர் 20 குடுத்தாலும் திகதி 31. இந்த ரெட்டைச் சம்பளப் பிரச்சினை சும்மா கதையில்ல, வேலை செய்துகொண்டு தனியாப் பிள்ளை வளர்த்த நாலு தாய்மார் வழக்குப் போட்டு, 2020 ஜூனில அப்பீல் கோர்ட்டில வெண்டு, அந்த வருசம் நவம்பரில விதியையே மாத்த வச்சவை. ஆனாலும் முதலாளி திகதியைச் சரியாப் போட்டா அந்த அலைச்சலே தேவையில்லை.

கொரோனா நேரமும் பாத்தம். ஃபர்லோ காசு (வேலை நிண்டுபோன ஆக்களின்ர சம்பளத்துக்கு அரசாங்கம் குடுத்த காசு) ஆருக்கு எண்டு அரசாங்கம் என்னத்தை வச்சு முடிவு பண்ணினது? எஃப்பிஎஸ்ஸை வச்சுத்தான். முதல்ல பெப்ரவரி 28 எண்டு சொல்லி, பிறகு 2020 மார்ச் 19 எண்டு மாத்திச்சினம், அண்டைக்கோ அதுக்கு முதலோ போன எஃப்பிஎஸ்ஸில பெயர் இருக்கோணும். மார்ச் மாசம் சேர்ந்து, சம்பள நாள் 31 எண்டிருந்த ஆக்களின்ர பெயர் அதுக்குள்ள வரேல்ல, அவை களவும் செய்யேல்ல, பொய்யும் சொல்லேல்ல, திகதி பிந்திப்போச்சு, அவ்வளவுதான்.

அடுத்தது, பிழை விட்டா என்ன செய்யிறது. பயப்படாதேங்கோ, எல்லாரும் விடுறதுதான். எஃப்பிஎஸ்ஸில அந்த மாசத் தொகை மட்டுமில்ல, வருசம் தொடங்கினதில இருந்து இதுவரைக்கும் எவ்வளவு எண்ட கூட்டுத் தொகையும் போகும், அந்தக் கூட்டுத்தொகைதான் முக்கியம். ரெண்டாம் மாசம் 1,500க்குப் பதிலா 1,700 எண்டு போட்டுட்டியள், கூட்டுத்தொகை 3,200 எண்டு போயிட்டுது. மூண்டாம் மாசம் கூட்டுத்தொகை சரியா 4,500 எண்டு போனாப் பிழை தானா அடிபட்டுப் போகும். உடன திருத்தோணும் எண்டா, முக்கியமா அந்த ஆள் உதவிக்காசு எடுக்கிறவர் எண்டா, அடுத்த சம்பளம் வரைக்கும் பாத்துக்கொண்டிராம இன்னொரு எஃப்பிஎஸ் அனுப்பலாம், பிந்தினதுக்குக் காரணம் எண்ட இடத்தில 'எச்' எண்ட எழுத்து, முந்தினதைத் திருத்துறன் எண்டு அர்த்தம்.

இதைவிட மோசமான பிழை பேரோல் ஐடி. ஒவ்வொராளுக்கும் சொஃப்ட்வெயர் ஒரு இலக்கம் குடுக்கும், வருச நடுவில சொஃப்ட்வெயரை மாத்தேக்க புதுசு வேற இலக்கத்தைக் குடுத்திடும். ஐடி மாறிப்போச்சு, பழசு இது எண்டு டிக் பண்ணிச் சொல்லாட்டி, எச்எம்ஆர்சியின்ர கண்ணுக்கு அது உங்கட கடையில ரெண்டு வேலை செய்யிற ஒரே ஆள். அவரின்ர கோட் மாறும், நீங்கள் கட்டவேண்டியது எண்டு காட்டுற தொகை ஊதிப் பெருக்கும். வேலைக்குச் சேர்ந்த திகதியை ஒவ்வொரு மாசமும் திருப்பி அனுப்பினாலும் இதே கூத்து வரலாம், அது முதல் எஃப்பிஎஸ்ஸில மட்டும் போற விசயம். ஏலுமெண்டா சொஃப்ட்வெயரை ஏப்ரலில மட்டும் மாத்துங்கோ.

எஃப்பிஎஸ்ஸுக்கு ஒரு தம்பியும் இருக்கு, ஈபிஎஸ், எம்ப்ளோயர் பேமென்ட் சமரி. இது ஆக்களைப் பற்றினதில்ல, கடையைப் பற்றினது. எம்ப்ளோய்மென்ட் அலவன்ஸ் கேக்கிறது இதில, பிள்ளைப்பேற்று லீவுச் சம்பளத்தைத் திருப்பி எடுக்கிறதும் இதில. கனபேர் மறக்கிறது, ஒருத்தருக்கும் சம்பளம் குடுக்காத மாசமும் ஈபிஎஸ் அனுப்போணும் எண்டுறதை. ஊருக்கு நல்லூர்த் திருவிழாவுக்குப் போறம், கடை ஒரு மாசம் பூட்டு, சம்பளம் இல்ல. சத்தம் போடாம இருந்தா அவங்கள் "இவர் அனுப்ப மறந்திட்டார்" எண்டு தாங்களாவே ஒரு தொகையை மதிப்பிட்டுக் கணக்கில ஏத்திடுவாங்கள், பிந்தினதுக்குத் தண்டமும் வரும். சம்பளம் இல்லை எண்டு அடுத்த மாசம் 19க்குள்ள ஈபிஎஸ் போகோணும்.

தண்டம் எண்டவுடன ஞாபகம், ஒண்டில இருந்து ஒன்பது பேர் வரைக்கும் உள்ள கடைக்குப் பிந்தின மாசத்துக்கு 100 பவுண்ஸ், பத்தில இருந்து 49 பேர் எண்டா 200. கிழமைச் சம்பளக்காரர் ஒரே மாசத்தில நாலு தரம் பிந்தினாலும் ஒரு தண்டம்தான். வரி வருசத்தில முதல் தரம் பிந்தினா விட்டிடுவினம், சம்பள நாளில இருந்து மூண்டு நாளுக்குள்ள அனுப்பினாலும் பொதுவா அடிக்கிறேல்ல, ஆனா அதைத் தவணை எண்டு நினைச்சு மாசாமாசம் மூண்டாம் நாள் அனுப்புற ஆளைக் கண்ணில எடுப்பினம். காசு கட்டப் பிந்தினா அது வேறக் கணக்கு, வட்டியும் வரும், ஒரு வருசத்தில ரெண்டாந் தரத்தில இருந்து ஒரு வீதம், பிந்தப் பிந்த நாலு வீதம் வரைக்கும் ஏறும். புதுசாத் தொடங்கின ஆக்களுக்கு ஒரு சலுகை, முதல் எஃப்பிஎஸ் சம்பளம் குடுத்து 30 நாளுக்குள்ள போனா முதல் தண்டம் இல்ல. அந்த அண்ணைக்கு அதுதான் கைகுடுத்தது, சனிக்கிழமை கடையின்ர பின்னறையில வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில லாப்டொப்பை வச்சு ரெண்டு பேருமா அனுப்பி முடிச்சம், பதில் வரும்வரைக்கும் அவர் தேத்தண்ணி ஊத்தப் போகவே இல்ல.

ஆள் வேலையை விட்டா கடைசி எஃப்பிஎஸ்ஸில விட்ட திகதியைப் போட்டு, அவருக்குப் பி45 குடுங்கோ. வருசக் கடைசியில ஏப்ரல் 5க்கு முந்தின கடைசிச் சம்பளத்தில 'இதுதான் இந்த வருசத்துக் கடைசி' எண்டு ஒரு டிக், பிறகு மே 31க்குள்ள, வேலையில நிக்கிற ஆக்களுக்குப் பி60, அந்த வருசத்துச் சம்பளமும் வரியும் காட்டுற தாள். தாளுகளையும் ஃபைலுகளையும் வரி வருசம் முடிஞ்சு மூண்டு வருசத்துக்கு எறியாதேங்கோ.